புலமாடன் எறிந்த பந்து

களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றி வருகிற வண்டிக்காரர்தான் செய்தியைக் கொண்டுவந்தார். மத்தியான நேரம், நான் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் மாட்டை நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, நம்ம ஆலையில பந்து எறிஞ்சிக்கிட்டு இருந்தாம்லா புலமாடன், அவன் போயிட்டான். விசக்காய்ச்சல். மூணு நாளுதான் கெடந்தான்" என்றார். "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு, ரசத்துக்குச் சோறு போடச் சொன்னேன். முழுதாகச் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் முற்றத்தில் போய் நின்றேன். இந்த வருஷம் அந்தக் காய்ச்சலில் தெருவுக்கு நாலு பேர் போகிறார்கள், சாவுச் செய்தி கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது உண்மையில்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி.

நாலைந்து நாள் கழித்துச் சங்கரலிங்கம் அண்ணாச்சி நேரில் வந்தார். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்டக்காரர்களுக்கு அவர்தான் தலைவர். ஆலையில் பஞ்சு எடைபோடும் களத்தை இன்றும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். "நம்ம ஆளு ஒருத்தன் செத்திருக்கான்வே. நீரு எழுதுத ஆளு. நாலு நல்ல வார்த்தையா எழுதிக் குடும், மாசப் பத்திரிகையில போடச் சொல்லுவோம்" என்றார். நம்ம ஆளு என்று அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது.

சரி, எழுதுகிறேன். ஆடிய பதினான்கு பேரில் இன்று எட்டுப் பேர் இருக்கிறோம். இதை முதலில் வாசிக்கப்போகிறவர்கள் மற்ற ஏழு பேரான நீங்கள்தான். நாலு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. உயிரோடு இருந்தபோது நம்மில் ஒருவரும் அவரை 'அவர்' என்று சொன்னது கிடையாது. 'ஏலே' என்றுதான் கூப்பிட்டோம். இங்கே அவர் என்றே எழுதுகிறேன். செத்தவருக்கு மரியாதை கொடுப்பதில் நமக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

நம்மைத் தவிர மற்றவர்களும் வாசிக்கக்கூடும் என்பதால் அந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நம் பஞ்சாலைக்கு இன்ஜினியராக வந்தவர் கனடா தேசத்துக்காரர். ஊரில் எல்லாருக்கும் அவர் கனடாத் துரை. அவர் பெட்டியிலிருந்து எடுத்த பந்து உருண்டையாக இல்லாமல் கோழிமுட்டை மாதிரி இருந்தது. முட்டைப்பந்து என்றே பெயர் வைத்துவிட்டோம். பந்தை முன்னால் எறிந்து கொடுப்பதைத் தம் ஊர் ஆட்டத்தில் விடமாட்டார்கள் என்றும், பக்கத்து அமெரிக்காவில் புதிதாக விட்டிருக்கிறார்கள் என்றும், தமக்கு அது பிடித்துப்போனதால் இங்கே சேர்த்துக்கொண்டதாகவும் துரை சொன்னார். எறிந்த பந்தை ஓடுகிற ஆள் கையில் பிடித்துவிட்டால் அங்கிருந்து ஆட்டம் நடக்கும். பந்து தரையைத் தொட்டுவிட்டால் அந்த எறி வீண். மூன்று எறி வீணானால் பந்து எதிராளிக்குப் போய்விடும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

துரை களக்காட்டு மலையடிவாரத்துக்கு வேட்டைக்குப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். எனக்கு ஆலையில் குமாஸ்தா வேலை. இங்கிலீஷ் வரும் என்பதால் துரைக்கு வாயும் காதும் நான்தான். ஒரு சோளக்காட்டில் பரண்மேல் ஓர் ஆள் நின்று கிளி விரட்டிக்கொண்டிருந்தார். கவண் அறுந்துபோயிருக்கவேண்டும், வெறுங்கையால் கல்லெறிந்துகொண்டிருந்தார். பறக்கிற கிளி ஒன்று பொத்தென்று விழுந்தது. துரை குதிரையை விட்டு இறங்கி, பையிலிருந்த முட்டைப்பந்தை எடுத்து அவரிடம் வீசினார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னய்யா, மூஞ்சி எது முதுகு எதுன்னே தெரியலயே" என்று என்னைக் கேட்டார். அவரை எறியச் சொல்லிவிட்டுத் துரை காட்டுக்குள் ஓடினார். ஓடுகிற துரையின் நெஞ்சுக்கு நேரே போய் இறங்கியது பந்து. துரைக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

புலமாடன் சேரியில் பிறந்தவர், அந்த ஊர்ப் பண்ணையாருக்குப் பரம்பரைப் பண்ணையாள். துரை பண்ணையாரிடம் போய் ஆளைக் கேட்டார். வெள்ளைக்காரரிடம் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பண்ணையார் பல்லைக் காட்டிக்கொண்டே தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே என்னிடம், "கூட்டிட்டுப் போகச் சொல்லும். என்னைக்கிருந்தாலும் இங்கனதான வருவான். அன்னைக்குத் தோலை உரிச்சுப்போடுதேன்" என்றார். என்ன சொல்கிறார் என்று துரை கேட்டார். சந்தோஷமாக அனுப்புகிறாராம் என்றேன். புலமாடன் பக்கத்தில் நின்று இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பந்து எறிவதற்கென்றே வேலைக்கு வைத்துக்கொண்ட ஆள் இந்த ஜில்லாவில் வேறு யாரும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆலைக் குடியிருப்பில் கடைசி வீட்டை அவருக்குக் கொடுத்தார்கள். மனைவி பேச்சியம்மாளையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தார். துரை போட்ட நிபந்தனை ஒன்றுதான். கிறிஸ்துமஸ் வாரத்தில் தூத்துக்குடிக் கம்பெனிக்காரர்களோடு ஆட்டம். அதில் இவர் எறி நன்றாக நின்றால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பவேண்டியதுதான். இதை நான் உள்ளபடியே மொழிபெயர்த்தேன். "திரும்பிப் போனா என்னைய உசிரோட விடமாட்டாக ஐயா. எறிஞ்சிருதேன்" என்றார் புலமாடன்.

முதல் வாரம் ஆற்றுமணலில் துரையும் அவரும் மட்டும் பழகினார்கள். நான் கரையில் நின்று பார்த்தேன். துரை வளைந்து ஓடுவார், திரும்பி ஓடுவார், ஓடுகிற மாதிரி பாவனை செய்துவிட்டு நிற்பார். பந்து எப்படியோ அவர் கைக்கே வந்துசேரும். ஒரு சாயங்காலம் புலமாடன் இருபது தடவை எறிந்தார், இருபதும் துரையின் கையில். எப்படியடா என்று கேட்கச் சொன்னார் துரை. கேட்டேன். "கிளி இருக்க எடத்த பாத்து எறிஞ்சா கிளி இருக்காது ஐயா. அது எங்கன போய்ச் சேரும்னு பாத்து எறியணும். மனுசன் கிளி மாதிரி அவ்வளவு வேகமா போகமாட்டாம்லா" என்றார். இதையும் ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்தேன்.

இரண்டாம் வாரம் நாம் பதின்மூன்று பேரும் அவரோடு இறங்கினோம். முதல் எறி சங்கரலிங்கம் அண்ணாச்சிக்குப் போனது. அண்ணாச்சி, நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. பந்து கைக்கு நேரே வந்தது. நீங்கள் கையை ஒதுக்கிக்கொண்டு அதைத் தரையில் விழவிட்டீர்கள். விழுந்து இரண்டு தரம் துள்ளிய பிறகு குனிந்து எடுத்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு பந்து வந்தவர்கள் எல்லாரும் அதையே செய்தோம். சேரிக்காரர் எதையாவது கொண்டுவந்தால் தரையில் வைத்துவிட்டு விலகுவார், நாம் தரையிலிருந்து எடுத்துக்கொள்வோம். வெற்றிலை, விறகு, மாங்காய் எல்லாவற்றுக்கும் அதுதானே வழக்கம். பந்துக்கும் அதுவே ஆயிற்று. மண்ணில் பட்டுவிட்டால் தோஷமில்லை. அந்தப் பந்து செத்த மாட்டின் தோலில் தைத்தது. அதை எல்லாரும் நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டுதான் ஓடினோம்.

நீங்களாவது இந்துக்கள், உங்களுக்கு ஒரு சாக்கு இருந்தது. எங்கள் வீட்டில் வேதத்துக்கு வந்து மூன்று தலைமுறையாகிவிட்டது. சாதியும் எங்களோடு கூடவே வந்து ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லாரும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை சாயங்காலம் நானும் பந்தைக் கீழே விட்டுத்தான் எடுத்தேன். தூத்துக்குடிக்காரனிடம் தோற்றால் ஒரு நாள் அவமானம். புலமாடன் கையிலிருந்து நேரே வாங்கினான் என்று பெயர் எடுத்தால் பெண் கிடைக்காது. எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது.

துரை சனிக்கிழமைதோறும் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்காருவார். எத்தனை எறி, எத்தனை கையில், எத்தனை தரையில் என்று குறித்துக்கொள்வார். தரையில் என்ற பக்கம் நிறைந்துகொண்டே போனது. என்னைக் கூப்பிட்டு, "என்னிடம் மட்டும் எல்லாம் கைக்கு வருகிறது, உங்களிடம் ஒன்றுகூட வரவில்லையே, ஏன்?" என்றார். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னால் துரை பதின்மூன்று பேரையும் திட்டியிருப்பார், என்னையும் சேர்த்து. நான் சொன்னது இது: "துரைக்குப் பயந்து உங்களுக்குக் கவனமாக எறிகிறான். எங்களுக்கு அலட்சியமாக எறிகிறான்."

துரைக்கு முகம் சிவந்தது. ஈர மணல் நிரப்பிய சாக்கு ஒன்றைப் புலமாடன் தலையில் ஏற்றி, உச்சிவெயிலில் மைதானத்தைச் சுற்றச் சொன்னார். அலட்சியம் தீரும்வரை சுற்றவேண்டும். எப்போது தீர்ந்தது என்று பார்த்துச் சொல்லவேண்டியது என் வேலை. நீங்கள் எல்லாரும் வேப்பமர நிழலில் உட்கார்ந்து மோர் குடித்தீர்கள். சங்கரலிங்கம் அண்ணாச்சி, "ஏலே, சாக்கு சாஞ்சிரப்போவுது, பைய நடல" என்று கிண்டல் பண்ணியபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஏழாம் சுற்றில் அவருக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. ரத்தம் வந்த பிறகும் இரண்டு சுற்று விட்டேன். உடனே நிறுத்தினால் அவர்மேல் எனக்கு இரக்கம் என்று துரை நினைத்துவிடுவாரே என்று பயம்.

அதற்குப் பிறகு புலமாடன் ஒரு காரியம் செய்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. முட்டைப்பந்து தரையில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அதைத் தைத்தவனுக்கே தெரியாது. இவர் ஆலை வேலை முடிந்ததும் தனியாக நின்று எறிந்து எறிந்து பழகி, பந்தை நம் காலடியில் குத்தி நேரே நம் கைக்குத் துள்ளி எழும்படி எறியக் கற்றுக்கொண்டார். நாம் குனியக்கூட வேண்டியதில்லை. மண்ணிலும் பட்டுவிட்டது, கைக்கும் வந்துவிட்டது. நமக்கு எவ்வளவு வசதி! கைதட்டினோம். "இப்பம் சரியாய்யா? ஒங்களுக்குத் தீட்டு இல்லல்லா?" என்று அவர் கேட்டார், ஆசையாகக் கேட்டார். துரை நோட்டில் அத்தனையையும் வீண் என்று எழுதிக்கொண்டார். தரையில் பட்டது பட்டதுதானே.

ஆட்டத்துக்கு முந்தின நாள் அவர் ஆலை ஆபீஸ் வாசலுக்கு வந்து, படிக்குக் கீழே நின்றார். "ஐயா, ஒரேயொரு தடவ கையில வாங்கிக்கிடுங்க. நாளைக்கு மட்டும். நீங்க வேதக்காரவுக, ஒங்களுக்கு அது குத்தமில்லன்னு பேச்சி சொல்லுதா. ஒண்ணு வாங்குனா போதும், மத்தத தொர புரிஞ்சிக்கிடுவாரு. பொறவு நான் ஒங்க கண்ணுலயே படமாட்டேன்" என்றார். எனக்கு அப்போது மனம் இளகியது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே இளகியது. "கர்த்தர் பேருல சொல்லுதேன்லே, வாங்கிக்கிடுதேன்" என்றேன். அன்று முழுவதும் என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் சேரன்மகாதேவி ஸ்டேஷனில் தூத்துக்குடிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஆற்றங்கரை மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. ஓலைப்பந்தல் போட்டு, பெரிய மனிதர்களுக்கு விசிப்பலகை போட்டிருந்தார்கள். அந்தப் பலகையில் பாளையங்கோட்டையிலிருந்து சபை உபதேசியார் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய மகளைத்தான் எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆளைப் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார் என்று எனக்கு ஆட்டம் தொடங்கிய பிறகுதான் தெரியும்.

உதைத்தும் ஓடியும் எப்படியோ கடைசிவரை சமாளித்தோம். எறிந்த எறியெல்லாம் வழக்கம்போல உங்கள் காலடியில் விழுந்தது. ஆட்டம் முடிய ஓரிரு நிமிஷம் இருந்தபோது தூத்துக்குடிக்காரர்கள் கொஞ்சம் முன்னால் நின்றார்கள். மூன்றாவது எறி, கடைசி எறி. நான் பந்தலோரமாக ஓடினேன். என்னைச் சுற்றி ஒரு ஆள் இல்லை. பந்தோடு தாண்டினால் ஜெயம் என்கிற எல்லைக்கோடு எனக்கு ஐந்து அடியில் இருந்தது. புலமாடன் என்னைப் பார்க்கவில்லை, நான் போய்ச் சேரப்போகிற இடத்தைப் பார்த்தார். பந்து கிளம்பியது.

அத்தனை அழகான எறியை நான் பார்த்ததில்லை. மூன்று பேர் தலைக்குமேல் வந்து, வேகம் தணிந்து, குழந்தையைக் கையில் கொடுக்கிற மாதிரி என் நெஞ்சுக்கு நேரே இறங்கியது. இரண்டு கையையும் நீட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்துப் பந்தலில் உபதேசியார் எழுந்து நின்றார். நான் வாங்குகிறேனா என்று பார்க்க எழுந்தாரா, முன்னால் இருந்தவன் தலை மறைத்ததால் எழுந்தாரா, எனக்குத் தெரியாது. இன்றுவரை கேட்கவில்லை, அவர் இப்போது என் மாமனார். என் கைகள் விலகின. பந்து என் மார்பில் பட்டுக் கீழே விழுந்தது. விழுந்ததை நான் பழக்கதோஷத்தில் குனிந்து எடுத்தேன்.

கூட்டம் சிரித்தது. என்னைப் பார்த்து அல்ல. "எறியத் தெரியாத பயல எங்கனல பிடிச்சிட்டு வந்திய?" என்று யாரோ கத்த, மண்ணும் சாணியும் புலமாடன்மேல் விழுந்தது. நம் ஆட்களே இரண்டு பேர் அவரைப் பிடரியில் தள்ளினார்கள். யார் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர் அதையெல்லாம் கவனிக்காமல் என்னிடம் வந்து, தள்ளி நின்று, "நல்லா வந்துச்சாய்யா?" என்று கேட்டார். பந்தலுக்கும் கேட்கவேண்டும் என்று உரக்கச் சொன்னேன்: "வேகம் கூடிப்போச்சுலே. பைய எறிஞ்சிருக்கணும்." அவர் தம் வலது கையைத் திருப்பி ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

துரை நோட்டை மூடினார். மறுநாள் காலையில் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நான்தான் போய்ச் சொன்னேன். களக்காட்டில் பண்ணையார் காத்துக்கொண்டிருந்தார். புளியமரத்தில் கட்டிவைத்து, எறிந்த கை இதுதானே என்று கேட்டுத் தோள்மூட்டை முறித்துவிட்டார்கள். அந்தச் செய்தியும் இதே வாழைத்தார் வண்டியில்தான் வந்தது. அந்த மாதம்தான் எனக்குப் பெண் நிச்சயமாயிற்று. வந்தவர்களுக்கெல்லாம் பாயசம் கொடுத்தோம்.

சங்கரலிங்கம் அண்ணாச்சி எழுதச் சொன்ன பிறகு நான் களக்காட்டுக்குப் போய்வந்தேன். இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். சேரியில் கடைசிக் குடிசை. பேச்சியம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றார். நான் வாய் திறக்குமுன் அவரே பேசினார். "ஐயாவ பத்தி அவுக சொல்லாத நாளு கெடையாது. ஊரே கைய மடக்கிக்கிட்டு நின்னப்ப அந்த ஐயா ஒருத்தருதான் கைய நீட்டுனாரு, எம் புத்திகெட்ட கைதான் ஓங்கி எறிஞ்சிருச்சும்பாக. வலது கை போன பொறவு எடது கையால மண்ணாங்கட்டிய எடுத்து எறிஞ்சி பாப்பாக ஐயா. பைய எறியணும், பைய எறியணும்னு சொல்லிக்கிட்டே எறிவாக. காய்ச்சல்ல கெடக்கும்போதும் அதேதான் சொன்னாக." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவ்வளவு வேகமாவா ஐயா எறிஞ்சாக?" என்று கேட்டார்.

"ஆமா, அன்னைக்குக் கொஞ்சம் வேகந்தான்" என்றேன்.

புலமாடனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கடைசி எறி ஒன்றுதான். அது மார்பில் பட்ட இடம் எனக்குத் தெரியும், சட்டைக்கு மேல் தொட்டுக் காட்டச் சொன்னால் காட்டுவேன். புலமாடன் எறிந்த பந்து ஒன்றுகூடத் தவறவில்லை. துரையின் நோட்டில் அது தப்பாக இருக்கிறது. பேச்சியம்மாள் மனதில் தப்பாக இருக்கிறது. புலமாடன் தம் கைதான் தவறியது என்று நம்பியே செத்துப்போனார். சரியாகத் தெரிந்தவர்கள் நாம் எட்டுப் பேர்தான். அதை இங்கே எழுதிவிட்டேன். அந்த அம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. உங்களில் ஒருவரும் அந்தச் சேரிக்குள் போய் உட்கார்ந்து இதை அவருக்கு வாசித்துக் காட்டப்போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதினேன்.